ஐந்தாவது ஆட்சேபம்

திருத்தணி,
4-3-1957

அன்புள்ள நீலமேகத்துக்கு,

சேஷகிரி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், ஒரு கண்ணைத் தவிர. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மருத்துவச் சொற்களின் அச்சுப்படி கிடைத்தது. எழுதப் போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டும் கரும்பலகைப் பழக்கம் விடவில்லை.

1. கண்: ரெட்டினாவுக்கு நீ வைத்த 'விழித்திரை'.
2. காது: 'செவிப்பறை', 'நத்தை' என்ற இரண்டும்.
3. மூக்கு: 'மூக்குத் தட்டி'.
4. நாக்கு: 'சுவை அரும்பு'.
5. உன் சொற்கள் கேட்பவரைச் சிரிக்க வைக்கின்றன. கலைச்சொல்லுக்கு அது ஆகாது.

முதலாவது பற்றி ஆட்சேபம் இல்லை. நல்ல சொல். இவ்வளவு காலம் பையன்களுக்குக் கண்ணின் படம் வரைந்து காட்டியும் எனக்கு அது தோன்றவில்லையே என்ற வருத்தம் மட்டும் உண்டு.

மற்றவற்றுக்கு நீ சொன்ன முறையைக் கையாண்டேன். உன் சொல்லையும் என் சொல்லையும் விளக்கம் தராமல் என் வீட்டுக்காரி பார்வதத்திடம் படித்து, இது என்னவென்று கேட்டேன். 'செவிச்சவ்வு' என்று என்னுடையதைப் படித்தேன். "சவ்வரிசி தெரியும், இது இன்னான்னு தெரியலிங்க" என்றாள். 'செவிப்பறை' என்றதும், "காதுல அடிக்கிற மோளம்" என்று உடனே சொல்லிவிட்டாள். 'சுருள்குழல்' என்றேன். யோசித்து, நாயனமா என்றாள். நீ வைத்த 'நத்தை'யைப் படித்தபோது, "காதுக்குள்ள நத்தையா கீது? அதான் மழை வந்தா அடைச்சிக்குது" என்று சிரித்தாள். 'மூக்குத் தட்டி'க்கு அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜெயம்மாள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

கடைக்கு மறைப்பாகக் கட்டுகிற தட்டியை மூக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? 'நாசி நடுச்சுவர்' என்ற என் சொல்லுக்கு அவள் சிரிக்கவில்லை. அதுதான் கலைச்சொல்லின் லட்சணம். 'சுவை அரும்பு' பற்றியும் எழுத இருந்தேன். அவள் அதைப் பூக்கட்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட பிறகு எழுத மனமில்லை.

உங்கள் கலைச்சொல் குழுவில் எனக்கு இடமில்லை. எங்கள் ஊர் ஆந்திராவோடு சேர்ந்துவிட்டதால் வெளி ராஜ்யத்தாரைச் சேர்ப்பதற்கில்லை என்று செயலாளர் எழுதினார். மலை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, நானும் அப்படியே. ஆனால் புத்தகத்தில் பெயர் போடுகிற இடத்தில் உன் பெயர்தான் இருக்கும்.

பார்வதத்தின் இடது கண்மணியில் பால் திட்டுப்போல் வெள்ளை விழுந்திருக்கிறது. நேற்று மோரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினாள்.

உன்,
சேஷகிரி

&nbsp;

சென்னை,
11-3-1957

அன்புள்ள சேஷு,

பார்வதம்மாவுக்கு என் வணக்கம். அவர்களுடைய தீர்ப்பை அப்படியே குழுவில் படித்தேன். "காதுல அடிக்கிற மோளம்" என்றதும் செயலாளர் மேஜையைத் தட்டி, 'செவிப்பறை'யை அங்கேயே முடிவு செய்துவிட்டார். அவர்களுக்குப் புரியாத சொல் நோயாளிக்கும் புரியாது. நம் இருவரையும்விட அவர்கள்தான் இந்தக் குழுவுக்கு வேண்டியவர்.

'மூக்குத் தட்டி'யை விடமாட்டேன். ஹாஸ்டலில் நீங்களெல்லாம் என்னை 'மூக்கன்' என்று கூப்பிட்டதற்குக் காரணம் என்னுடைய தட்டி கோணலாக இருப்பதுதான். ஊராருக்கெல்லாம் மூக்கைச் சரிசெய்தேன், என்னுடையதை யாரிடமும் காட்டவில்லை. இப்போதும் பேசினால் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறதாம். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய கௌரி சொல்கிறாள்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எழுதுகிறேன், என் கிட்டப்பார்வைக்கு அதுதான் வசதி. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இனி விளையாட்டில்லை. நீ எழுதிய வெள்ளை, முற்றின கண்புரை. அழைத்து வா. என்னிடம் படித்த பையன் ஆஸ்பத்திரியில் கண் பிரிவைப் பார்க்கிறான், கை தேர்ந்தவன். கௌரி மாடி அறையைக் கழுவிவைத்துவிட்டாள். கட்டு அவிழ்க்கும்வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும். நீயும் இரு, சொற்களுக்காகச் சண்டை போடலாம்.

நீலமேகம்

&nbsp;

திருத்தணி,
9-4-1957

அன்புள்ள நீலமேகத்துக்கு,

உன் கடிதத்தைப் பார்வதத்துக்குப் படித்துக் காட்டினேன். மூக்கைப் பற்றி எழுதிய இடத்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. முடிந்ததும், "இன்னொரு தபா படிங்க" என்றாள். படித்தேன். இப்போது தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே, "டாக்டர் காயிதமா?" என்கிறாள். அரக்கோணம் பாங்கியிலிருந்து எனக்கு வந்த காகிதத்துக்குக்கூட அப்படித்தான் கேட்டாள். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது.

போன வருஷம் கிருத்திகைக்கு நீ வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாய். பார்வதம் அன்று வைத்த மாதிரி வற்றல் குழம்பு அதற்குப் பிறகு வைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்த வரிகளை அடித்துவிடலாம் என்றால் கறை தெரியும், விட்டுவிடுகிறேன்.

கண் விஷயம். தினம் காலையில் கிழக்கு ஜன்னலோரம் நிறுத்தி விரலைக் காட்டுகிறேன். இடது கண்ணுக்கு விரல் தெரியாவிட்டாலும், கை அசைவது நிழலாகத் தெரிகிறது. என் கணக்குப்படி முழுக்க முற்றவில்லை. முற்றாத புரையில் கத்தி வைக்கக்கூடாது என்று நாம் படித்த காலத்து வைத்தியப் புத்தகத்தில் இருக்கிறது. வெயில் வேறு. ஆடிக் கிருத்திகைக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாகப் பார்வதம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அது முடியட்டும்.

அவளைக் கேட்டேன். "நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப போலாம்" என்றாள். மேலும், உன் வீட்டு மாடியில் பல நாள் தங்குவது எங்களுக்குச் சௌகரியப்படாது.

சேஷகிரி

&nbsp;

சென்னை,
22-6-1957

சேஷு,

நடுவில் எழுதிய இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் ஜன்னலோரப் பரீட்சையை நிறுத்து. நம் காலத்துப் புத்தகத்தைப் பரணில் போடு. பாதி முற்றியதையே இப்போது எடுக்கிறார்கள். முற்றினதை விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் லென்ஸ் வில்லை ஊதும். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பு சாகும். அதற்குப் பிறகு கத்தி வைத்தும் பயனில்லை. விழித்திரை நல்ல சொல் என்றாயே, அந்தத் திரையில் ஒன்றும் விழாது.

நீ பயந்தவன், எனக்குத் தெரியும். மாணவர் சங்கத்தில் பேச எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தவன். ஆனால் இது பயம் மட்டும்தானா என்று கௌரி கேட்கிறாள்.

உன் சொல் ஒன்றைக் குழு எடுத்துக்கொண்டிருக்கிறது: 'நாசி நடுச்சுவர்'. என் தட்டி தோற்றது. திருப்திதானே? அழைத்து வா.

நீலமேகம்

&nbsp;

திருத்தணி,
3-8-1957

அன்புள்ள நீலமேகத்துக்கு,

இந்தக் கடிதத்தைப் பொதட்டூர்பேட்டைக் கஜபதி உன் கையில் கொடுப்பான். பார்வதத்தின் தம்பி. தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். அக்காளைக் காலை வண்டியில் உன்னிடம் கொண்டுவருகிறான்.

முந்தாநாள் இடது கண் சிவந்தது. தூசி என்று நினைத்தேன். நேற்றுக் காலையிலிருந்து தலை பிளக்கிற வலி, வாந்தி. கண் கல்போல் இருக்கிறது. ஜன்னலோரம் நிறுத்தினேன். "ஒண்ணும் தெரியலிங்க. ஜன்னல் எந்தப் பக்கம் கீது?" என்று கேட்டாள்.

நான் வரவில்லை. "நீங்க வரலியா?" என்று அவள் கேட்டதற்கு, வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்றேன். இந்த வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது. கஜபதி என்னை ஒரு பார்வை பார்த்தான். "இன்னா மாமா, அக்காவ வுட்டுட்டு சொம்பு தவலயா பாத்துக்கப் போறீங்க?" என்றான்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அவள் உன் வீட்டில் இருப்பாள், நீ அவளைச் சிரிக்க வைப்பாய். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. கௌரி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அவளுக்குக் காப்பியில் சர்க்கரை குறைவு. இருட்டில் தனியாகப் படுக்கப் பயப்படுவாள். கண்ணைக் கட்டிவிட்டால் என்ன செய்வாளோ.

சேஷகிரி

&nbsp;

சென்னை,
14-10-1957

அன்புள்ள சேஷு,

வாரம் ஒரு கார்டாக உனக்கு வலி, ஜுரம், கட்டு என்று மட்டும் எழுதிவந்தேன். இப்போது முழுதாக எழுதலாம்.

இடது கண் போய்விட்டது. அன்றே வலியைத் தணித்து, பிறகு புரையையும் எடுத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் வரவில்லை. வலது கண்ணிலும் புரை இருந்தது, பாதிதான் முற்றியிருந்தது. என்னிடம் படித்த பையன் காத்திருக்கவில்லை, செப்டம்பரில் எடுத்துவிட்டான். நன்றாக வந்திருக்கிறது. தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பார்வதம்மா முதலில் கௌரியின் கையைப் பிடித்து வளையலை எண்ணினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்தபோது பையன் கண்டிப்பாகச் சொன்னான்: தும்மக்கூடாது, இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, தையல் பிரியும். எனக்கு உன் கடிதங்கள் ஞாபகம் வந்தன. அவர்களோடு அதிகம் பேசாமல், சொற்களைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்தேன். வீட்டுக்கு வந்து கட்டு அவிழ்த்த பிறகு, இனி சிரிக்கலாம் என்று அச்சுப்படியை எடுத்து நானே படித்தேன். 'நத்தை' படித்தேன். 'மூக்குத் தட்டி'யையும் படித்தேன். மலைக்கோயிலில் புராணம் கேட்கிறவர்கள்போல் கைகட்டிக் கேட்டார்கள்.

"ஏம்மா, சிரிப்பு வரவில்லையா?" என்றேன்.

"நீங்க படிச்சா வரல டாக்டர். அவரு படிக்கணும்."

"அவன் படிப்பதில் என்ன இருக்கிறது?"

"உங்க காயிதமோ வார்த்தையோ வந்தா உங்க மாதிரியே மூக்கால படிப்பாருங்க. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கினு, கழுத்த நீட்டிக்கினு, அப்டியே நீங்களேதான். அவரு நெலம் பாத்து நடக்கிற மனுசன், யார்கிட்டயும் வெளையாடி நான் பாத்ததில்ல. அந்த ஒரு காயிதம் படிக்கிறப்பதான் அப்டி. அதுக்குத்தான் எப்ப வரும் எப்ப வரும்னு இருப்பேன்."

"அவனிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திடுவாரு. அவரு செய்றது அவருக்கே தெரியாதுங்க."

கௌரி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சேஷு. நீ எழுதியதை அவர்களிடம் சொல்லவில்லை. "வூட்டுல தனியா இன்னா சாப்புடறாரோ" என்று தினம் கேட்கிறார்கள். வந்து அழைத்துப் போ. புத்தகத்தின் முகவுரையில் உன் பெயரைச் சேர்க்கக் குழு சம்மதித்துவிட்டது.

நீலமேகம்

&nbsp;

திருத்தணி,
17-10-1957

அன்புள்ள நீலமேகத்துக்கு,

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்.

உன் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து, கேட்க யாரும் இல்லாமல், வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பக்கம் திருப்பும்போது என் காதிலேயே விழுந்தது. குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. கையை உயர்த்தித் தடவிப் பார்த்தேன். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

முகவுரையில் என் பெயர் வேண்டாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை. 'நாசி நடுச்சுவ'ரை எடுத்துவிட்டு உன் தட்டியையே போடச் சொல். அவளுக்குப் புரிந்த சொல் அது.

அவளிடம் நீ சொல்லாமல் விட்டதை நான்தான் சொல்ல வேண்டும். காலம் கடத்தியது நான், காரணம் கத்தி அல்ல என்று சொல்ல வேண்டும். திரும்பும் வண்டியில் சொல்வதா, வீட்டுக்கு வந்த பிறகா என்று யோசித்து யோசித்து முடிவு வரவில்லை. வண்டியில் என்றால் அவள் எழுந்து போக இடமிருக்காது. வீட்டில் என்றால் எனக்குத் தைரியம் இருக்காது. வண்டியிலேயே சொல்கிறேன். சொன்ன பிறகு, உன் கடிதம் வந்தால் என்னைப் படிக்கச் சொல்வாளா என்று தெரியாது. இப்போது கண்ணாடி இருக்கிறது, அவளே படித்துக்கொள்ளலாம்.

மார்ச்சு மாதம் எண் போட்டு ஐந்து எழுதியிருந்தேன். முதல் நான்கைப் பற்றி நீயும் நானும் இருக்கிறவரை சண்டை போடலாம். உன் சொற்கள் சிரிக்க வைக்கின்றன என்ற ஐந்தாவதை நம்பித்தான் மற்றதெல்லாம் செய்தேன். அவள் சிரித்தது உன் சொற்களுக்கு அல்ல. ஐந்தாவது தவறு.

உன்,
சேஷகிரி