நுனி வெட்டாமல் விற்ற தூளி

நியாங்குட்டி, நானும் அம்மாவும் சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. நீ சுகமா, அதை முதலில் சொல். தோங்குவான் செருப்புத் தொழிற்சாலையிலிருந்து ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை, பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன், திட்டாதே. போன மாதம் அம்மா சாயத்துணி விற்கச் சந்தைக்குப் போயிருந்தபோது, பழைய பூவேலைத் துணி வாங்கும் லியூ வீட்டுக்கே வந்து, குழந்தையில் உன்னை முதுகில் கட்டிச் சுமந்த தூளியைக் கேட்டான், பெட்டியில் சும்மாதானே கிடக்கிறது என்று கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் நம் வழக்கப்படி தூளி நாடாவின் நுனியை வெட்டி வீட்டில் வைத்துக்கொள்ள மறந்துபோனேன். அம்மா வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "புள்ள உசுரே அந்த நுனியிலதான்யா இருக்கு, முழுசாத் தூக்கிக் குடுத்துட்டியே பாவி மனுஷா!" என்றாள். பொம்பளைங்க கதை என்று நான் சத்தம் போட்டேன், ஆனால் தபால்காரன் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஓடிப்போய் அவன் பையை எட்டிப் பார்த்தேன்.

கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா கிளம்பினாள், பின்னாலேயே நானும். நாளுக்கு ஓர் ஊராகக் கூடும் சந்தைகளில் அலைந்தோம். நாய் நாள் சந்தையில் லியூ இல்லை, மறுநாள் பன்றி நாள் சந்தையில் கூடை பின்னுகிறவன், "அக்கரைக்குப் போயிட்டான், மூட்டையோட" என்றான். மழையில் படகேறிப் போய் எலி நாள் சந்தையில், வெள்ளி நகை அடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தோம். "நுனிதானே, வெட்டிக்க தாயி, உம் புள்ள உசுர வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்" என்று சிரித்தான். நாடாவை இழுத்துப் பிடித்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். நுனி ஏற்கெனவே வெட்டியிருந்தது. ஓரத்தைக் கோணல்மாணலாக மடித்துத் தைத்தது யார் கை என்று அவளுக்குத் தெரியாதா, அந்தத் தையலுக்கு உன்னை எத்தனை குட்டு குட்டியிருக்கிறாள்! "எம் பொண்ணு உசாரு, போறப்பவே எடுத்துட்டுப் போயிருக்கா" என்று சந்தை நடுவில் சிரித்தாள், எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பும்போது பாதி ஆற்றில், "நுனி வீட்டுல இருந்தாத்தானே புள்ள வீட்டுக்கு வரும்?" என்றாள்.

அம்மா கேட்கச் சொல்லவில்லை, நான்தான் கேட்கிறேன், திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்துதான் வெட்டினாயா? அதை நினைத்தாலே முன்னைவிடப் பயமாக இருக்கிறது. முன்னோர்கள் உனக்குத் துணை நிற்கட்டும். பசை வேலையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொள். எதுவானாலும் உள்ளதை எழுது. அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே, நான் மாற்றிப் படித்துக் காட்டிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
லோங் ஷெங்