கீழ்க்கொல்லை வரைக்கும்

இன்று காலை மாடத்தைத் துடைத்தபோது உங்கள் தைலப் புட்டி கவிழ்ந்துவிட்டது. வீடெல்லாம் அந்தக் காரமான வாசம். கையில் துணியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாமை மூட்டையோடு மேடு ஏறி வந்த நீங்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். ஜீப்பில் மலையிறக்கி வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டீர்கள். வீடு திரும்பிய அன்று நீங்கள் ஜீப்பில் ஏறிய பிறகு, மருந்துச் சீட்டு வாங்கப் போன என்னிடம் டாக்டரம்மா சொன்னார்: "ஒங்க வீட்டுக்காரரு மூட்டை தூக்க வேணாம். ஆனா தெனமும் கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுங்க. படுத்தே கெடந்தா சதை கரைஞ்சிடும், எலும்பும் தேஞ்சிடும். இதயமும் சதைதாம்மா, அதுக்கும் வேலை வேணும்."

தலையாட்டினேன். ஆனால் நீங்கள் சரிந்த அந்த மேடுதான் கண்ணுக்குள் நின்றது. தண்ணீர்ச் செம்பைக்கூட உங்களை எடுக்க விடவில்லை.

"கீழ்க்கொல்லை வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று தினமும் கேட்பீர்கள்.

"டாக்டரம்மா கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. படுங்க."

"இன்னாடி, என்னைக் கைக்கொழந்தையா ஆக்கிட்ட" என்று சிரிப்பீர்கள். நாள் போகப்போகச் சிரிப்பு நின்றது, கேட்பதும் நின்றது. தைலம் தேய்க்கும்போது உங்கள் கெண்டைக்கால் என் ஒரு கைக்குள் அடங்கியது. இன்னும் ஓர் உருண்டை களி வைத்தேனே தவிர, எழுந்து நடங்கள் என்று வாயில் வரவில்லை.

நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் தனியாக எழுந்தீர்கள். வாசலைக்கூடத் தாண்டவில்லை. கால் மடங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மறுபடி வேலூர். நெஞ்சில் சளி கட்டி, மூன்றாம் வாரம் போய்விட்டீர்கள். "இதயம் நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றார் அதே டாக்டரம்மா.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்த உங்கள் தங்கை, "எப்டிண்ணா வுழுந்த?" என்று அழுதாள். நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டீர்கள்: "எழுந்திருக்காதன்னு இவ படிச்சிப் படிச்சி சொன்னா. நான்தான் கேக்கல."

ஊரே அதை நம்பிவிட்டது. இன்றும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் பேச்சைக் கேட்டிருந்தா இருந்திருப்பாரு" என்கிறார்கள். நான் தலைகுனிந்து நிற்கிறேன்; அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டாக்டரம்மா என்ன சொன்னார் என்பதை இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறேன், அதுவும் கேட்க நீங்கள் இல்லாதபோது.