வாயில் பறி இருந்தால் கத்த முடியாது

இந்த மாத நாவலை என் வீட்டுக்காரர் மீஞ்சூர் ஸ்டேஷன் கடையில் வாங்கி வந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அட்டையில் வழக்கம்போல ஒரு பாழுங்கிணறு, அதிலிருந்து வெளியே வழியும் ஒரு பெண்ணின் தலைமுடி. பிரித்ததும் மண்ணெண்ணெய் போன்ற அந்த மை வாசனை வந்தது. கூடவே ஏரிச்சேற்று வாசனையும் வந்தது. அது புத்தகத்தில் இல்லை, என் விரல்களில் இருந்தது. இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறியபோது பக்கத்து வீட்டிலிருந்து நீ வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். நம் பேய்க்கதைக்காரரின் புத்தகம் வீட்டுக்கு வந்தது உனக்கு எப்படித்தான் தெரியுமோ, நான் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் வாசலில் நிற்பாய். "இன்னாமே, ஆளு இந்த வாட்டி யார சாவடிச்சிக்கீறாரு?" என்பாய். தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தேன். கோழி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

அவரை உனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் வெளியாட்கள் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அப்படித் திட்டுவாய். மலை மேல் பங்களா, பங்களாவுக்குள் எண்ண முடியாத அறைகள், அறைக்கு அறை பேய் என்று அவர் எழுதினால், "நம்ம வீட்டுக்கு ஒரே கதவு. பேய் வந்தா எங்க நிக்கும்? ஒக்கார வச்சு டீ குடுத்துத்தான் அனுப்பணும்" என்பாய். கொலுசுச் சத்தத்தோடு வரும் மணப்பெண் பேயைப் படித்துவிட்டு, அவள் அடகுக்கடை இல்லாத ஊரில் செத்திருக்க வேண்டும் என்றாய். பேய் வரும்போதெல்லாம் மல்லிகை மணக்கும் என்று அவர் எழுதுவது உனக்குப் பிடிக்கவே இல்லை. பூவின் பெயரை இவர் இப்படிக் கெடுத்தால் நாளைக்குப் பெண்பிள்ளைகள் தலையில் எதை வைப்பார்கள் என்று கேட்டாய்.

ஆனால் உன் உண்மையான கோபம் கடைசி அத்தியாயத்தின் மேல்தான். முக்கால் புத்தகம் வரை நம்மை நடுங்க வைத்துவிட்டு, கடைசியில் அவர் ஒரு டாக்டரைக் கூட்டி வருவார். கண்ணாடி போட்ட அந்த டாக்டர், பேய் என்று ஒன்று இல்லை, எல்லாம் மனசின் வேலை என்று ஒரு பக்கத்துக்குப் பேசுவார். "நல்லா பயந்துகினு இருந்தேன். நடுவுல பூந்து டபாய்ச்சிட்டாரு" என்று புத்தகத்தை மூடுவாய். பேய்க்கென்று ஒரு மரியாதை இருக்கிறது, அதை அவர் காப்பாற்றவில்லை என்பது உன் கட்சி. அடுத்த மாதம் நாவல் வரும் நாளை முதலில் கேட்பதும் நீதான்.

இன்னொரு குறையும் சொல்வாய். அவருடைய பெண்கள் எதற்கெடுத்தாலும் 'வீல்' என்று அலறுவார்கள். கரண்ட் போனால் அலறுவார்கள், பூனை குதித்தால் அலறுவார்கள். "வாய்ல பறி இல்லாதவளுங்க. கத்தத்தான் கத்துவாளுங்க" என்பாய்.

அது எனக்குப் புரிய நாளானது. நான் காட்டூரில் நெல்வயலைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த ஏரிக்கரைக்கு வந்த புதிதில், நீங்களெல்லாம் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்திக் குந்தி நகர்வதைப் பார்த்து, இதென்ன கூத்து என்று நின்றேன். இரண்டு கையும் அடிச்சேற்றைத் துழாவ வேண்டும். அகப்படும் இறாலைப் போடப் பறி முகத்துக்கு எதிரிலேயே இருக்க வேண்டும். அதனால் வாய்தான் அதைப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரி, என் வயசுக்காரி என்ற உரிமையில் நீ என்னைத் தண்ணீருக்குள் இழுத்துப்போய், வரிசையில் உனக்கு இடது பக்கம் உட்கார வைத்தாய். "கலங்கல் தண்ணி, கண்ணு வேலைக்காவாது. கைல எது பட்டாலும் இழுத்துடாதமே. அசையாம வச்சுக்கோ. இன்னாதுன்னு அதுவே சொல்லும்" என்றாய். நான் கேட்கவில்லை. ஏதோ வழவழவென்று பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்தேன். கெளுத்தி மீனின் முள் கட்டைவிரலின் அடியில் ஏறிவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் ஒரு பட்டாணி அளவுக்குப் புடைத்து நிற்கிறது. மழைக்காலத்தில் அதை அழுத்திப் பார்த்து, "கெளுத்தி சௌக்கியமா?" என்று கேட்பது உன் வாடிக்கை.

அப்புறம்தான் அந்த நாவல் வந்தது. எது என்று உனக்குத் தெரியும். பழைய வீடொன்றுக்குக் குடிவரும் பெண், தோளில் தூங்கும் குழந்தையோடு, அரிசி எடுக்கக் குதிருக்குள் கையை விடுகிறாள். உள்ளே அரிசிக்கு நடுவில் ஒரு கை அவள் கையைப் பிடிக்கிறது. முரட்டுத்தனமாக இல்லை, ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்ததுபோல மெதுவாகப் பிடிக்கிறது. கத்தினால் குழந்தை எழுந்துவிடும். அதனால் அவள் கத்தவில்லை. கையையும் இழுக்கவில்லை. அப்படியே நிற்கிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது. கடைசிப் பக்கம் வரை அந்தக் கை யாருடையது என்று அவர் சொல்லவில்லை. டாக்டர் வரவே இல்லை.

நீ படித்து முடித்த அன்று உன்னிடமிருந்து ஒரு கேலியும் வரவில்லை. ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே கரையில் நின்றாய். "இத அவருக்கு யாரு சொன்னதுமே?" என்று கேட்டாய். எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது. எங்கோ மாடி வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறவர். சேற்றில் கை விட்டிருக்கவே மாட்டார். கத்த முடியாத ஒருத்தி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தொட்டுக்கொண்டு அசையாமல் இருப்பதை எப்படி எழுதினார்? இத்தனை வருஷம் நாம் ஏளனம் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நம் வரிசையில் வந்து குந்தியதுபோல இருந்தது.

மறுநாள் காலை நல்ல வெயில். வழக்கம்போல வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தோம். சேற்றுக்குள் என் வலது கை எதன் மேலோ பட்டது. அசையாமல் வைத்தேன். அது உன் கை. நீ கத்தினாய். ஏரியே அதிரும்படி கத்தினாய். உன் வாயிலிருந்து பறி விழுந்தது, கையை உருவிக்கொண்டு எழுந்தாய், அதுவரை பிடித்த இறால் எல்லாம் துள்ளிப் போயின. வரிசையில் இருந்தவர்கள் பாம்போ என்று கரைக்கு ஓடினார்கள். என் கைதான் என்று நான் தூக்கிக் காட்டியதும் அத்தனை பேரும் சிரித்தார்கள். தண்ணீரில் கத்திய பெண்ணை அதுவரை நம் ஊர் பார்த்ததில்லை. நீ மட்டும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நீ தண்ணீரில் இறங்கவில்லை. காய்ச்சல் என்றாய், தலைவலி என்றாய். உன் வீட்டுக்காரருக்கு இடுப்பு போனதிலிருந்து அந்த வீட்டுக்குப் படகும் வலையும் உன் இரண்டு கைதான். அடுப்பு எரிவது குறைந்ததை நான் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். திருப்பாலைவனம் கோயிலுக்குப் போய் மந்திரித்துக்கொண்டு வரலாம் என்று கூப்பிட்டதற்கு, நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"பேய்க்காமே நான் பயப்படறேன்? கைய இழுத்துட்டேன்ல, அதான் பயம். இனிமே எது பட்டாலும் இந்தக் கை இழுக்கும். இழுக்கற கைய வச்சிகினு இன்னா பண்றது?"

நீ அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு வாரம் போயிருக்கும். நீயே என் வாசலுக்கு வந்து அந்த நாவலைக் கேட்டாய். கொடுத்தால் வாங்கவில்லை, என்னையே எடுத்துக்கொண்டு வரச் சொன்னாய். துறைப் பக்கம், வலை உலர்த்துகிறவர்கள் எல்லாரும் பார்க்க, தண்ணீரில் இறங்கி மார்பளவில் குந்தினாய். பறிக் கயிற்றைப் பல்லில் கடித்தாய். இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுக்கொண்டு, படி என்று தலையை ஆட்டினாய். நான் கரையில் நின்று அந்தக் குதிர் அத்தியாயத்தை உரக்கப் படித்தேன். வலைக்காரர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அரிசிக்குள் கை வந்து பிடிக்கும் இடம் வந்தது. உன் முகம் வெளிறியது, கண்ணை மூடிக்கொண்டாய். தோள் அசையவில்லை. அத்தியாயம் முடிந்தும் நீ எழுந்திருக்கவில்லை. நான் பயந்துபோய்க் கூப்பிடப் போன நேரத்தில், தண்ணீருக்குள் இருந்து மெதுவாக ஒரு கையை எடுத்தாய். அதில் ஒரு நண்டு இருந்தது. கொடுக்கைச் சரியான இடத்தில் மடக்கிப் பிடித்திருந்தாய்.

கரையேறி, பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, உன் வாழ்நாளில் அவருக்குக் கொடுத்த ஒரே பாராட்டைச் சொன்னாய். "மெய்யாலுமே பெரிய ஆளுமே அவரு. என்னைக் கத்த வச்சிட்டாரு பாரு."

அன்று நான் அவரைப் பார்த்தும் மலைத்தேன், உன்னைப் பார்த்தும் மலைத்தேன். யாரைப் பார்த்து அதிகம் என்று கேட்டால், உன்னைப் பார்த்துத்தான். வெறும் எழுத்தால் ஒரு ஆளை ஏரியை விட்டே விரட்ட முடியும் என்று அவர் காட்டினார். அந்த எழுத்தையே துணைக்கு வைத்துக்கொண்டு திரும்பி இறங்க முடியும் என்று நீ காட்டினாய். அடுத்த மாதம் அவர் மறுபடியும் டாக்டரைக் கூட்டி வந்தார். நீயும் மறுபடி திட்ட ஆரம்பித்தாய்.

போன மாதம் உனக்கு முடியாமல் போய்ப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்த மாத நாவலையும் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். உன் படுக்கையருகே என்னை விட்டபோது படிக்கத் தோன்றவில்லை. கண் மூடியிருந்தது. வாயில் குழாய் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பறிதான் ஞாபகம் வந்தது. போர்வைக்குக் கீழே கையை விட்டு உன் கையைத் தொட்டேன். நீ இழுக்கவில்லை. அசையாமல் வைத்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து உன் விரல்கள் நகர்ந்தன. சேற்றில் துழாவுவதுபோல என் விரல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்து, கட்டைவிரலின் அடியில் அந்தத் தழும்பு வந்ததும் நின்றன. லேசாக அழுத்தினாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தப் பிடியை அவர் எப்படித்தான் முன்கூட்டியே எழுதினாரோ, எனக்குத் தெரியாது. மெதுவாக, ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்ததுபோலப் பிடித்திருந்தாய்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு டாக்டர் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். நல்ல மனுஷர்தான், பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். உனக்குப் பிடிக்காத கடைசி அத்தியாயம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இந்த மாத நாவலில் கடைசி அத்தியாயத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். கிணற்றுப் பேயை நன்றாகவே எழுதியிருக்கிறார். மல்லிகையை விட்டுவிட்டுத் தாழம்பூவுக்கு மாறியிருக்கிறார், நீ இருந்திருந்தால் அதற்கொரு வார்த்தை வைத்திருப்பாய். செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவர் இத்தனை வருஷமாக எழுதுகிறார். அதைப் படித்து நாம் பயந்தோம். இப்போது எனக்குப் பயம் வரவில்லை, அது நிஜமாக இருக்கக்கூடாதா என்றுதான் தோன்றுகிறது. அதனால்தான் டாக்டர் வருவதற்குள் மூடி வைத்துவிட்டேன்.

இன்று காலை தண்ணீரில் இறங்கினேன். வரிசையில் எனக்கு வலது பக்கம் உன் இடத்தில் யாரும் குந்துவதில்லை. யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். கை போகிற போக்கில் அந்தப் பக்கம் போனது. சேற்றுக்குள் ஏதோ ஒன்று என் விரல்களைத் தொட்டது. கையை இழுக்கவில்லை. இன்னதென்று அதுவே சொல்லட்டும் என்று அசையாமல் வைத்திருந்தேன். அது கட்டைவிரலின் அடிவரை வந்தது, கொஞ்சம் நின்றது, போய்விட்டது. வாயில் பறி இருந்தது. இல்லாவிட்டால், 'இன்னாமே, நீதானா' என்று கேட்டிருப்பேன்.