செம்புத் தகடு

ஐப்பசி 17, ஞாயிறு

கண்ணாடித் தொட்டியில் மூன்றாவது இறாலும் மல்லாந்து கிடக்கிறது.

தொட்டிக்கு மேலே மாட்டிய விளக்கை நான்தான் செய்தேன். சூடு இறங்குவதற்கு எல்இடி பட்டையை ஒரு தகட்டில் ஒட்ட வேண்டும். அலுமினியத்தை இந்த ஊர் உப்புக்காற்று அரித்துவிடும் என்று, பழைய இரும்புக் கடையில் தேடிச் செம்புத் தகடு வாங்கினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். தொட்டியின் ஆவி அந்தத் தகட்டில் வேர்த்து, பச்சையாகத் தண்ணீருக்குள் சொட்டுவதை இன்று காலையில்தான் பார்த்தேன்.

மீன் கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "செம்பா? இறாலுக்கு அது விஷம்லா. மொதல்ல தண்ணிய மாத்துங்கம்மா" என்றார். தகட்டைக் கழற்றித் தண்ணீரையும் மாற்றிவிட்டேன். அப்படியும் சாகின்றன.

சாயங்காலம் கப்பலிலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். ஆறு மாதமாக என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தன் இறால் தொட்டியைத்தான் கேட்கிறார். நான் விளக்கை மட்டும் காட்டினேன்.

"ஏளா, நீயே செஞ்சியா?" என்று சிரித்தார். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. "அடுத்த ஞாயிறு இறாலக் காட்டு."

காட்டுகிறேன் என்றேன். இன்னும் ஐந்து இருக்கின்றன. மாதாவே, ஞாயிறு வரைக்கும் ஒன்றையாவது விட்டு வை.