உருக்கில் ஒரு கட்டைவிரல்

செப்பர் ஊர், செவ்வாய் மாலை

கோபம் இன்னும் ஆறாத நண்பனுக்கு,

நீ எதிர் வார்ப்புப் பட்டறையில் சேர்ந்து ஒரு வாரமாகப் போகிறது. தெருவைத் தாண்டினால் உன்னைப் பார்த்துவிடலாம்; ஆனாலும் எழுதுகிறேன். அங்கே டீயில் சர்க்கரையே போடுவதில்லையாமே.

இந்தக் கடிதம் கரும்பாலைக்காக நாம் வார்க்கவிருந்த பல்சக்கரத்தைப் பற்றி மட்டும்தான். "மணல்ல ஈரம் இருக்குடா, உருக்கை ஊத்தினா வெடிக்கும்" என்று பட்டறையே கேட்க நான் சொன்னதும், கையுறையைக் கழற்றி எறிந்து, காய்ந்துதான் இருக்கிறதென்று நீ செய்த மணல் அச்சில் வெறும் கட்டைவிரலை அழுத்திக் காட்டிவிட்டுப் போனாயே, அதே சக்கரம்.

மறுநாளே மின்னுலையைப் போட்டோம். கரித்தண்டுகளின் நுனியில் மின்சாரம் சீறியது, இரும்பு உருகியது. ஊற்றும்போது நான் மட்டும் பத்தடி தள்ளி நின்றேன்.

வெடிக்கவில்லை.

ஐந்து நாள் ஆறவிட்டு இன்று மணலை உடைத்தோம். சக்கரத்தில் ஒரு பொத்தல் கிடையாது. நடுவில் உன் கட்டைவிரல் மட்டும் புடைத்து நிற்கிறது, குறுக்கே அந்தப் பழைய வெட்டுத் தழும்போடு. மேஸ்திரி ஹர்ஜோனோ என் பக்கம் திரும்பினார்.

"வெடிக்கும்னு ஒருத்தர் சொன்னாரே, அவரு எங்கப்பா?"

நான் பொரித்த சோயாத் தெம்பேத் துண்டை வாய் நிறையத் திணித்துக்கொண்டேன்.

புடைப்பைத் தேய்த்து எடுக்கச் சொல்கிறார்கள். "விரலை வெச்சவன் வந்து தேய்க்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். உன் கையுறை ஆணியில் தொங்குகிறது. நாளை ஏழு மணிக்கு வா. டீயில் நான்கு கரண்டி சர்க்கரை போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
பத்தடி தள்ளி நின்றவன்