லீவு எடுக்காத விரல்

மே 9, வெள்ளி

லீவு கிடைத்துவிட்டது! நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஹோட்டலே நாறிவிடும் என்று மேனேஜர் இத்தனை நாள் இழுத்தடித்தார். இன்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே சரி என்றார். சாவிக்கொத்தை உதவி சூப்பர்வைசரிடம் மனசில்லாமல்தான் கொடுத்தேன். அவள் பெட்ஷீட்டைக்கூட ஒழுங்காக எண்ண மாட்டாள்.

லாண்டரி அக்கா இப்போதே சட்டம் போட்டுவிட்டாள். "விமானத்துல ஏறினப்புறம் நீ சூப்பர்வைசர் கிடையாது. மேடம் கீடம்னு எவளாவது கூப்பிட்டா இறக்கி விட்டுடுவேன்." அறைகளைச் சுத்தம் செய்யும் நெட்டையும் சிட்டுவும் என்னை "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்து, வெட்கத்தில் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

மே 12, திங்கள்

வந்து சேர்ந்தோம். கால் வீங்கிவிட்டது. வரவேற்பு மேசையில் இருந்த பெண், குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் பேசினாள். சாவி அட்டையைக் கதவில் எப்படிக் காட்டுவது என்று இரண்டு தரம் செய்துகாட்டினாள். எங்களுக்கா! சிட்டு சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 13, செவ்வாய்

காலையில் கண் விழித்தால், நெட்டை தன் படுக்கையை விரித்து, ஓரங்களை மடித்துச் செருகி, தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறாள். நான் எழுந்து பல் துலக்கி வருவதற்குள் என்னுடையதும் முடிந்தது. பக்கத்து அறையில் இன்னும் மோசம். லாண்டரி அக்கா குளியலறையையே கழுவித் தள்ளிவிட்டாள். "நாம இங்க தூங்கினதுக்குச் சாட்சியே இல்லடி!" என்றாள் சிட்டு. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்போதுதான் சுத்தம் செய்கிறவள் தள்ளுவண்டியோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். நாங்களும் இதே வேலைதான் என்று நெட்டை துடைத்துக்காட்டிச் சொன்னாள். அவள் நம்பவில்லை. படுக்கையின் மூலையைப் பார்த்தாள், நம்பிவிட்டாள். இரண்டு அறையிலும் வேலை வேண்டாம், உட்கார் என்று நாற்காலியில் இழுத்து உட்கார வைத்தோம். டீ போட்டுக் கொடுத்தவளே நான்தான். பத்து நிமிஷம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு, நெஞ்சில் கையை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல நாள்.

வெளியே கிளம்பும் முன்பு என் விரல் தானாக அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. தூசி. விரலைத் தூக்கிக் காட்டினேன். "உன் விரல் மட்டும் லீவு எடுக்கலியா?" என்றாள் லாண்டரி அக்கா.

மாலையில் சாப்பிடப் போகும்போது அதே வரவேற்புப் பெண், அதே குழந்தைப் பேச்சு. அறை வசதியாக இருக்கிறதா? ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நானும் ஹோட்டல் தொழிலில்தான் இருக்கிறேன், பெரிய ஹோட்டல், சூப்பர்வைசர் என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நிமிர்வு எனக்குப் போதவில்லை. அலமாரியின் மேல் தூசி இருப்பதைச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் துடைக்கவில்லை என்றேன். அவர்களுடைய சூப்பர்வைசர் அம்மாளே வந்து மன்னிப்புக் கேட்டு, காபி கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்களிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? செய்தது தப்பு என்று அப்போதே தெரிந்துதானே இருந்தது எனக்கு?

மே 14, புதன்

நேற்று டீ குடித்தவள் வரவில்லை. வேறொருத்தி வந்தாள். நெட்டை போனில் மொழிபெயர்ப்பைப் போட்டுக் கேட்டாள். விருந்தாளி புகார் செய்தாராம். நேற்று வந்தவள் அறையைத் தொடாமலே சுத்தம் செய்ததாகச் சொல்லிவிட்டாளாம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், திரும்ப எடுப்பார்களா தெரியாது. எந்த விருந்தாளி என்று நெட்டை கேட்டாள். அவள் எங்கள் கதவைக் காட்டினாள்.

நெட்டை போனை வைத்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மேடம், நீங்களா?"

ஐயோ. நான் என்ன பண்ணித் தொலைச்சேன்? உட்காரச் சொன்னதும் நான், டீ கொடுத்ததும் நான், போட்டுக்கொடுத்ததும் நானா? எவளோ ஒருத்தி என்னை மதிக்கணும்னு? த்தூ.

மே 15, வியாழன்

படகுச் சவாரி. இந்தப் படகுக்காகத்தான் சிட்டு இவ்வளவு நாள் காத்திருந்தாள். எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார்கள். "தண்ணி வேணுமா மேடம்?" மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஹோட்டலில் நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோகுமே, அதேதான்.

இறங்கும்போது லாண்டரி அக்கா மட்டும் கையைப் பிடித்தாள். "எங்ககிட்ட அழுது ஒண்ணும் ஆகாது. அவங்க சூப்பர்வைசர்கிட்ட போய்ச் சொல்லு."

மே 16, வெள்ளி

போனேன். சூப்பர்வைசர் அம்மாளின் அறை நம்மூரில் இருக்கும் என் அறையைப் போலவே ஜன்னல் இல்லாமல், சோப்பு வாசனையோடு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள்தான் தடுத்தோம், நான்தான் டீ கொடுத்தேன், நான் பெருமை பீற்றிக்கொள்ளத்தான் புகார் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். விருந்தாளி வேண்டாமென்றால் கீழே தகவல் சொல்ல வேண்டும், அந்தப் பெண் சொல்லவில்லை என்றாள். பிறகு, "உங்களுக்குத் தெரியாததா? நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்களா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. ஒரே வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி.

விட்டிருக்க மாட்டேன். அதையே சொன்னேன். "நானும் அனுப்பியிருப்பேன். அனுப்பியிருந்தா அதுவும் தப்புதான்." என் ஓட்டை ஆங்கிலத்தில் அது எப்படி விழுந்ததோ. முகம் எரிந்தது. பார்க்கிறேன் என்றாள்.

மற்றவர்களிடம் சொன்னேன். "ம்" என்றாள் நெட்டை.

மே 17, சனி

வந்துவிட்டாள். தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதுமே சிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நெட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சுவரோடு சுவராக நின்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை. சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தாள். நெட்டை விரித்திருந்த படுக்கையை உருவிப் போட்டு முதலிலிருந்து விரித்தாள். அந்த முழங்காலோடு ஸ்டூலில் ஏறி அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து இறங்கினாள். கதவுக்குப் பின்னால் குனிந்து துடைத்தாள். "கீழ நிக்கறோம்" என்று மூவரும் போய்விட்டார்கள்.

முடித்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றாள். நன்றாக இருக்கிறது, போங்கள் என்று கையைக் காட்டினேன். புன்னகைத்தாள். அப்படியே நின்றாள். அவளிடம் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் சொல்லி அனுப்புவேன்.

நான் ஒவ்வொரு மூலையாகப் பார்த்து முடித்த பிறகுதான் போனாள்.