லூதரின் இடம்

ஜாக்சன்வில்,
மார்ச், 1911.

என் செல்லப் பேரன் லூதருக்கு உன் பாட்டி டிலா எழுதுவது. நான் நலம். ஆஸ்பத்திரியில் தரும் பாலை நீ ஜன்னல் வழியே கொட்டுவதாக நர்ஸ் அம்மா சொல்லிவிட்டாள். மறைக்காதே, குடி.

உனக்குச் சலூன் சேதிதான் முதலில் வேண்டும். எஸ்ரா கடையில் நீங்கள் நாலு பேரும் சும்மா பாடிக்கொண்டிருந்தீர்களே, அது இப்போது முறையான குழுவாகிவிட்டது. 'மல்பெரி தெரு நால்வர்' என்று பலகை எழுதிக் கண்ணாடிக்கு மேல் மாட்டிவிட்டார்கள். கோடைக்குள் வந்துவிடுவேன், என் இடத்தில் யாரையும் போட வேண்டாம் என்று நீ எழுதியதை எஸ்ராவிடம் சொன்னேன். என் பேரன் இடத்தில் வேறு ஆள் நின்றால் கடைக்குள் கால் வைக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

அதனால் சர்ச்சில் மூன்று பேராகவே பாடினார்கள். எஸ்ரா பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டிருந்தார்கள். அடியில் உன் கட்டைக் குரல் இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தொங்கியது. சிஸ்டர் பர்டி என் காதருகே, "என்ன டிலா, மிச்சப் பாட்டு தபால்ல வருதா?" என்றாள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டாள்.

பிறகு ஒருநாள் எஸ்ராவுக்குச் சோள ரொட்டி கொடுக்கப் போனேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஹோசியா என்பவன் முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் இருந்தான். ஊருக்குப் புதியவன். மூன்று பேரும் பாட, அந்தக் கடையில் எல்லாரும் செய்வதுபோல அவனும் தன் பங்குக்குக் குரல் கொடுத்தான். கட்டைக் குரல். எஸ்ராவின் கத்தி தவறி அவன் மோவாயில் கீறிவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "தப்பாப் பாடிட்டேனாண்ணே?" என்று கேட்டான். "சரியாப் பாடிட்ட. அதான்டா கஷ்டம்" என்றான் எஸ்ரா.

வாசலுக்கு வந்து என்னிடம், "டிலா அத்தை, லூதர் கோடைக்கு வருவான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க காத்திருக்கோம்" என்றான். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை.

லூதர், போன தடவை டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். இடது பக்க நுரையீரல் போய்விட்டது, வலது பக்கமும் ஆரம்பித்துவிட்டது என்றார். உன்னிடமும் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லை போலிருக்கிறது. உன் சொந்த மனுஷி நானே சொல்லிவிடுகிறேன். இனி நீ பாட முடியாதப்பா.

ஹோசியாவைச் சேர்த்துக்கொள் என்று எஸ்ராவிடம் சொன்னது நான்தான். கோபத்தை என்மேல் வை, அவர்கள்மேல் வேண்டாம். உன் ஆழம் அவனுக்கு வராது. "லூதர் இந்த எடத்துல எறங்குவான், நீ ஏன்டா மேலயே நிக்கிற?" என்று எஸ்ரா அவனைத் தினம் திட்டுகிறான்.

வரும் ஞாயிறு ரயிலேறி வருகிறார்கள். சொந்தக்காரர் இல்லை என்பதால் அவர்களை உள்ளே விட மாட்டார்கள். நம் கறுப்பர் வார்டு பின்பக்கம்தானே, ஓக் மரத்தடியில் நின்று பாடுவார்கள். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொல். கேட்டதும் உனக்கு வாய் சும்மா இருக்காது. சேர்ந்து பாடிவிடாதே கண்ணு. இருக்கிற மூச்சை எனக்காக வைத்துக்கொள். அடுத்த வாரம் நான் வருகிறேன்.

கர்த்தர் உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

உன் பாட்டி,
டிலா